மறதி டீ

தாமரைக்குக் குரல் எழும்பாது என்று நினைப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் கல்குவாரிக்கு வந்து பார்க்க வேண்டும். கிள்ளானிலிருந்து காப்பார் போகும் ரோட்டில் பிரிந்து, செம்பனை மரங்களுக்கு நடுவே மண் பாதையில் போனால், எந்தக் காலத்திலோ கல்லுடைத்து முடித்துக் கைவிட்ட மலைச்சரிவு ஒன்று வரும். அதன் அடியில் ஒரு தகரக் கொட்டகை, வரிசையாக மேசைகள், எதிரே தூரத்தில் காகித இலக்குகள். துப்பாக்கிக் கழகம் என்பது அவ்வளவுதான். அங்கே தாமரை "நிறுத்து!" என்று ஒரு சத்தம் கொடுத்தால், டத்தோ பட்டம் வாங்கியவராக இருந்தாலும் டாக்டராக இருந்தாலும் கையில் இருப்பதை மேசையில் வைத்துவிட்டு மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் போய் நின்றாக வேண்டும். நிற்காதவர் அடுத்த வாரம் வாசலோடு திரும்பிப் போவார்.

போலீஸில் சேர்ந்தபோது அவளுக்கு இருந்த ஆசை வேறு. தொப்பி போட்டுக்கொண்டு நடுரோட்டில் நின்று கை காட்டினால் பஸ்ஸும் லோரியும் நிற்க வேண்டும், அதைத் தன்னோடு படித்த பெண்கள் பார்க்க வேண்டும். மேலிடத்தில் அவளைத் தூக்கி ஆயுதக் கிடங்கில் போட்டார்கள். ஜன்னல் இல்லாத அறை, எண்ணெய் நாற்றம், கம்பிக் கதவு. பணி ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்து, சார்ஜன் பதவியோடு வெளியே வந்தாள். துப்பாக்கியைக் கொடுக்கும்போது குழல் காலியா என்று பார்க்க வேண்டும். திரும்ப வாங்கும்போதும் பார்க்க வேண்டும். இதைத்தான் அத்தனை வருஷமும் செய்தாள். கடைசியில் வீட்டில் சோற்றுப் பானையை அலமாரியில் எடுத்து வைக்கும்போதுகூட உள்ளே ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு வைக்கிற அளவுக்கு அது உடம்பில் ஊறிவிட்டது.

ஓய்வுக்குப் பிறகு கொஞ்ச நாள் கணவர் குருவின் லோரி பட்டறையில் போய் உட்கார்ந்தாள். பண்டமாரானில் இருக்கிற பட்டறை அது. ஸ்பேனரை எடுத்தவன் எடுத்த இடத்தில் வைக்கவில்லை என்று தினமும் சண்டை. மெக்கானிக்குகள் ஒவ்வொருவராகச் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டு நிற்க ஆரம்பித்தார்கள். குருவே அலைந்து, யார் யாரையோ பிடித்து, கழகத்தில் அவளுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தார். மனைவி மேல் உள்ள அன்பால் செய்தேன் என்று அவர் சொல்வார். பட்டறை பிழைத்தது என்பது ஊருக்குத் தெரியும்.

அந்தக் கழகத்தில் சுடுவது இந்தக் காலத்துத் துப்பாக்கி இல்லை. தோட்டா போட்டு விசையை அமுக்குகிற சமாசாரம் கிடையாது. வாய் வழியாக மருந்து கெட்டிக்கிற பழைய பாணித் துப்பாக்கி. குழல் வாயில் கருமருந்தை அளந்து ஊற்ற வேண்டும். எண்ணெயில் நனைத்த துணி வில்லை ஒன்றை வாயில் வைத்து, அதன்மேல் ஈயக் குண்டை வைத்து, ராடு என்கிற நீளக் கம்பியால் அடிவரை தள்ளிக் கெட்டிக்க வேண்டும். பிறகு பின்பக்கம் இருக்கும் சிறிய முனையில், தீப்பொறி தரும் குட்டி மூடியான கேப்பைப் பொருத்திச் சுட வேண்டும். ஒரு சூட்டுக்கு இத்தனை வேலை. அவசரக்காரர்களுக்கு ஆகாத விளையாட்டு. போலீஸ் லைசென்ஸோடு கழகத்துக் கிடங்கில் துப்பாக்கிகள் பூட்டிக் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை தாமரை வந்து திறந்தால்தான் வெளியே வரும்.

இதில் எல்லாரும் என்றைக்காவது செய்கிற தப்பு ஒன்று உண்டு. மருந்து ஊற்ற மறந்துவிட்டுக் குண்டை மட்டும் போட்டு இடித்துவிடுவது. குண்டு குழலின் அடியில் போய் இறுக்கமாக உட்கார்ந்துகொள்ளும். தள்ள மருந்து இல்லை, கவிழ்த்தாலும் விழாது. உடனே கையைத் தூக்கித் தாமரையைக் கூப்பிட வேண்டும். மாட்டிய குண்டை எடுப்பது அவள் வேலை. மறந்தவர், சூடு முடிந்ததும் ரோட்டோரத் தமிழ் முஸ்லிம் உணவகமான மாமாக் கடையில் அத்தனை பேருக்கும் ரொட்டி சானாயும், ஆற்றிய பால் டீயான தே தாரேக்கும் வாங்கித் தர வேண்டும். அதற்கு மறதி டீ என்று பெயர். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை, ஆனால் மற்ற எல்லா விதிகளையும்விட ஒழுங்காக நடந்தது இதுதான்.

மருந்து கெட்டிக்கிறவரிடம் பேசக்கூடாது என்பது தாமரையின் விதி. ஓசியில் டீ கிடைக்கும் என்றால் யார் விதியைப் பார்க்கிறார்கள்? பக்கத்து மேசைக்காரர் மருந்துக் குப்பியை எடுக்கும் நேரம் பார்த்து, "உங்க மகளுக்கு மாப்பிள்ளை அமைஞ்சிருச்சா?" என்று மெதுவாக ஒரு கேள்வியைப் போடுவார்கள். அவர் பதில் சொல்லிக்கொண்டே குண்டைப் போடுவார். அதில் கெட்டிக்காரன் தனேஷ். செராஸில் ஏர்கோன் கடை வைத்திருக்கிறான், கழகத்தின் செயற்குழுவிலும் இருக்கிறான், வாய் ஓயாது. தாமரை கத்துவாள், அவன் "சோரிக்கா" என்பான், அடுத்த வாரமும் செய்வான். டீ சூடாக வந்ததும் அவளும் குடித்துவிட்டு மறந்துவிடுவாள்.

அண்மைக் காலமாக மறதி டீ பெரும்பாலும் ஒருவர் கணக்கிலேயே வந்தது. அவர் திருச்செல்வம்.

திருச்செல்வம் ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். பிரிக்பீல்ட்ஸில் வீடு. தாமரை கழகத்துக்கு வந்த முதல் ஞாயிறன்று, ஒரு பெண் சத்தம் போட்டால் நாம் துப்பாக்கியைக் கீழே வைக்க வேண்டுமா என்று பெரிய மனிதர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இவர் மட்டும் உடனே துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டு மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் போனார். "சிக்னல் சிவப்புன்னா நிக்கணும். யாரு போட்டதுன்னு இறங்கிப் போய்ப் பாத்துக்கிட்டா இருப்பாங்க?" என்றார். மற்றவர்கள் சிரித்துக்கொண்டே பின்னால் போனார்கள். அன்றைக்கு அவர் நின்றதால்தான் தாமரையால் அந்த இடத்தில் நிற்க முடிந்தது. அன்றிலிருந்து அவர் அவளுக்கு அண்ணன்.

ஞாயிறுதோறும் அவர் கேஎல் சென்ட்ரலில் கொமியூட்டர் ரயில் ஏறிக் கிள்ளானில் இறங்குவார். தாமரை தன் மைவி காரில் போய் ஏற்றிக்கொள்வாள். அவர் கெட்டிப்பதைப் பார்ப்பது அவளுக்குப் பிடிக்கும். ரயில் ஓட்டும்போது சிக்னலை வாய்விட்டுச் சொல்கிற பழக்கம் அவரிடம் அப்படியே இருந்தது. "மருந்து. துணி. குண்டு. ராடு. குறி." ஒவ்வொன்றையும் சொல்லிச் சொல்லிச் செய்வார். எப்போதிலிருந்து சொல்வதை நிறுத்தினார் என்று தாமரை கவனிக்கவில்லை. கவனித்திருக்க வேண்டும்.

அவர் மனைவி இராஜம்மா ஒருமுறை போனில் சொன்னாள். "வீட்டுல அடுப்பை மூட்டிட்டு மறந்துடறாரு தாமரை. கடைக்குப் போனா எதுக்குப் போனோம்னு தெரியாம திரும்பி வராரு. தனியா வெளிய விடவே பயமா இருக்கு. ஞாயித்துக்கிழமை மட்டும்தான் நிம்மதியா அனுப்புறேன். அங்க நீ இருக்க இல்ல." துப்பாக்கி சுடுகிற இடத்துக்கு ஆளை நிம்மதியாக அனுப்புகிறாள் என்றால் தன்மேல் எவ்வளவு நம்பிக்கை என்று தாமரைக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வயசானால் இதெல்லாம் இருக்கும்க்கா என்று சொல்லிப் போனை வைத்தாள்.

இந்த ஞாயிறு கிள்ளான் ஸ்டேஷனில் அவள் காத்திருந்தாள். ரயில் வந்தது, போனது, அண்ணனைக் காணவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் போன் வந்தது.

"தாமரை, நான் போர்ட் கிள்ளான்ல நிக்கிறேன். கடைசி ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டேன்."

"தூங்கிட்டீங்களாண்ணே?"

"தூங்கல. பாத்துக்கிட்டேதான் வந்தேன்." பிறகு சிரித்தார். "ஓட்டுறவனுக்குத்தான் ஸ்டேஷன் தெரியும். உக்காந்து வர்றவனுக்கு என்ன தெரியும்?"

போர்ட் கிள்ளான் போய் அவரை ஏற்றிக்கொண்டு குவாரிக்கு வருவதற்குள் மற்றவர்கள் வெளி வாசலில் மணி பார்த்துக்கொண்டு நின்றார்கள். தாமரை அவசரமாகக் கிடங்கைத் திறந்தாள். ஒவ்வொரு துப்பாக்கிக் குழலிலும் ராடை விட்டுக் காலியா என்று பார்த்துத்தான் கொடுத்தாள். அண்ணனுடையதை மட்டும் பார்க்காமல் எடுத்து நீட்டினாள். அவர் துப்பாக்கியில் என்ன இருந்துவிடப் போகிறது என்று ஒரு நினைப்பு. அவ்வளவு கறாரான மனுஷிக்கும் ஓர் இடத்தில் இளக்கம் இருக்கத்தான் செய்தது.

சூடு ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. குவாரிச் சுவரில் சத்தம் மோதித் திரும்பியது, வெள்ளைப் புகை கொட்டகைக்குள் வந்து அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. திருச்செல்வம் இன்னும் தன் முதல் சூட்டுக்கே கெட்டித்துக்கொண்டிருந்தார், அவர் பக்கத்து மேசையில் தனேஷ். "அங்கிள், அந்தக் காலத்துல தண்டவாளத்துல யானை நின்னுச்சுன்னீங்களே, அது எங்க?" என்று அவன் ஆரம்பித்ததைத் தாமரை கேட்டாள். "தனேஷ், வாயை மூடு!" என்று கத்தினாள். "சோரிக்கா." அதோடு அவள் வேறு பக்கம் திரும்பிவிட்டாள்.

அந்தப் பக்கம் ஒருவர் கேப்பைத் தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்தார். அவருக்கு உதவி செய்துவிட்டுத் திரும்பினால், திருச்செல்வம் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். முகத்தில் அசட்டுச் சிரிப்பு.

"மருந்து போடல தாமரை. குண்டைப் போட்டு இடிச்சுட்டேன். இடிச்சப்புறம்தான் ஞாபகம் வருது."

"டீ! டீ!" என்று தனேஷ் மேசையைத் தட்டினான். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

தாமரை "நிறுத்து!" என்றாள். எல்லாரும் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் போனார்கள்.

மருந்தில்லாமல் மாட்டிய குண்டை எடுக்கச் சுலபமான வழி இருக்கிறது. பின்பக்க முனையைக் கழற்றி, அந்தத் துளை வழியே சிட்டிகை மருந்தைத் தட்டி உள்ளே விட்டு, முனையைத் திரும்பப் பூட்டிக் கேப்பைப் பொருத்தி இலக்குப் பக்கம் சுட்டால், குண்டு சோம்பலாக வெளியே போய் விழும். நிமிஷத்தில் முடிகிற வேலை. குழல் உள்ளே வேறு மருந்து இல்லை என்பது நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும்தான் இதைச் செய்யலாம். அந்த நிச்சயம் சுட்டவர் வாயிலிருந்துதான் வர வேண்டும்.

"பாத்துக்கிட்டு நிக்காதீங்கக்கா, பசிக்குதுலா. கொஞ்சூண்டு மருந்தைத் தட்டிச் சுட்டுத் தள்ளுங்க" என்றான் தனேஷ்.

தாமரை முனையைக் கழற்றும் சாவியைக் கையில் எடுத்துவிட்டாள். போன தடவையும் அதற்கு முந்தின தடவையும் அண்ணனுக்கு இப்படித்தான் எடுத்துக் கொடுத்தாள். "மருந்து போடலேன்னு நிச்சயமாத் தெரியும்தானே அண்ணே?" என்று கேட்டுக்கொண்டே, இன்னொரு கையால் ராடை எடுத்துக் குழல் வாயில் விட்டாள். யோசித்துச் செய்ததில்லை. அத்தனை வருஷம் கிடங்கில் பழகிய கை அதுபாட்டுக்குச் செய்தது.

"போடல. நல்லாத் தெரியும்" என்றார் திருச்செல்வம்.

ஒவ்வொரு ராடிலும் இரண்டு குறி உண்டு. குழல் காலியாக இருந்தால் சிவப்புக் குறி குழல் வாய்க்கு நேராக நிற்கும். மருந்தும் குண்டும் கெட்டித்திருந்தால் ராடு அவ்வளவு ஆழம் இறங்காது, வெள்ளைக் குறி வாய்க்கு நேராக நிற்கும். குண்டு மட்டும் என்றால் குழல் வாய் இரண்டு குறிக்கும் நடுவே, சிவப்புக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். தாமரை குனிந்து பார்த்தாள். வெள்ளைக் குறி குழல் வாய்க்கு மேலே, ஒரு கட்டைவிரல் உயரத்தில் நின்றது.

எடுத்துவிட்டு மறுபடி விட்டாள். அதே இடம்.

உள்ளே மருந்து இருக்கிறது. அதன்மேல் குண்டு இருக்கிறது. அதற்கும் மேல் இன்னொரு குண்டு இருக்கிறது. அண்ணன் சொன்னது பொய் இல்லை. இரண்டாவது குண்டைப் போடும்போது அவர் மருந்து போடவில்லை என்பது உண்மைதான். முதல் குண்டைப் போட்டதுதான் அவர் நினைவில் இல்லை. அவர் பேச்சை நம்பிக் கேப்பைப் பொருத்தியிருந்தால், முழு மருந்து இரண்டு குண்டைத் தள்ள முடியாமல் அந்தப் பழைய குழலையே பிளந்திருக்கும். சுடும்போது குழல் இருப்பது அவள் கன்னத்துக்குப் பக்கத்தில்.

அவள் சாவியைக் கீழே வைத்தாள். "எல்லாரும் அங்கேயே நில்லுங்க. ஒருத்தரும் நகரக் கூடாது" என்றாள். கத்தவில்லை. அதனாலேயே எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள்.

துப்பாக்கியைப் பின்னால் இருந்த வேலை மேசைக்குக் கொண்டுபோய், வாயை மண்மேட்டுப் பக்கம் திருப்பி, மேசையில் பூட்டிய இரும்புப் பிடியில் இறுக்கினாள். வாய்க்குக் கீழே பழைய மைலோ டின் ஒன்றை வைத்தாள். தனேஷும் திருச்செல்வமும் மட்டும் அவள் பின்னால் தள்ளி வந்து நின்றார்கள். போ என்று சொல்லவும் அவளுக்கு மனமில்லை. முனையை மெதுவாகக் கழற்றி, துளையில் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். நனைந்த கருமருந்து செத்த மருந்து. துளையிலிருந்து கறுப்பாகத் தண்ணீர் கசிந்து வந்தது.

"என்னக்கா, கறுப்பா வருது?" என்றான் தனேஷ். குரலில் டீ இல்லை.

குருவின் பட்டறையிலிருந்து கொண்டு வந்து வைத்திருந்த கிரீஸ் பம்பை எடுத்தாள். லோரிக்குக் கிரீஸ் அடிக்கிற அதே பம்பு. முனை இருந்த துளையில் கிரீஸ் நிப்பிளைத் திருகிப் பூட்டி, பம்பு வாயை அதில் மாட்டி அடிக்க ஆரம்பித்தாள். முதலில் கை லேசாகப் போனது. பிறகு கனத்தது. பின்னாலிருந்து கிரீஸ் நிறைந்து நிறைந்து உள்ளே இருப்பதை வாய்ப்பக்கம் தள்ளிக்கொண்டு போக வேண்டும், அவசரப்பட முடியாது. தோள் வலித்தது. நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி அடித்தாள். குழல் வாயில் துணி எட்டிப் பார்த்தது. ஒரு குண்டு டின்னில் விழுந்தது.

தனேஷ் முன்னால் வந்தான். "அவ்வளவுதானே?"

"தள்ளி நில்லு."

அவள் நிறுத்தாமல் அடித்தாள். இரண்டாவது குண்டும் துணியோடு வழுக்கி வந்து டின்னில் விழுந்தது. அதற்குப் பின்னால் கறுத்த கிரீஸ் பொத பொதவென்று வழிந்தது. முழு அளவு மருந்தும் அதில் இருந்தது.

தனேஷுக்குப் புரிந்துவிட்டது. "ஐயோ, அலாமாக்..." என்று மட்டும் சொன்னான்.

திருச்செல்வம் டின்னை எட்டிப் பார்த்தார். பிறகு, தாமரை அவரிடம் ஒருநாளும் கேட்டிராத குரலில் சொன்னார்.

"அடியில இருந்தது போன வாரம் போட்டது. உள்ளயே கிடந்திருக்கு. நீ செக் பண்ணாம எடுத்துக் குடுத்துட்ட."

தாமரை நிமிர்ந்தாள்.

"நான் எப்படி ரெண்டு குண்டு போடுவேன்? எத்தனை வருஷமா சுடறேன்? கிடங்கு சாவி யார்கிட்ட இருக்கு?" அவர் ஓர் அடி முன்னால் வந்தார். "காலையில எனக்குக் குடுக்கும்போது ராடு விட்டுப் பாத்தியா நீ? சொல்லு."

தனேஷ் அவளைப் பார்த்தான். செயற்குழுக்காரனாகப் பார்த்தான். "அக்கா, செக் பண்ணீங்கதானே?"

காலையில் பார்க்கவில்லை. அது அவளுக்கு நிச்சயம். போன வாரம்? போன வாரம் நடுவில் மழை கொட்டியது. எல்லாரும் துப்பாக்கியை அவள் கையில் திணித்துவிட்டுக் கார்களுக்கு ஓடினார்கள். நனைந்த துப்பாக்கிகளை அள்ளிக்கொண்டு போய்க் கிடங்கில் வைத்தாள். ஒவ்வொன்றிலும் ராடு விட்டுப் பார்த்தாளா? பார்த்திருப்பாள். எப்போதும் பார்ப்பவள்தானே. ஆனால் அண்ணனுடையதை விட்டுப் பார்த்தது கண்முன் வரவில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

மருந்து கெட்டித்த துப்பாக்கி ஒரு வாரம் கிடங்கில் கிடந்தது என்றால் அது சின்ன விஷயம் இல்லை. போலீஸுக்குச் சொல்ல வேண்டும். கழகத்தின் லைசென்ஸே ஆடிப்போகும். அவளைப் பொறுத்தவரை வேலை போகும், அதைவிட, கிடங்கில் இத்தனை வருஷம் இருந்தவள் என்கிற பேர் போகும். அண்ணன் சொன்னதே நிஜம் என்று ஆனால் அவர் அடுத்த வாரமும் வந்து அந்த மேசையில் நிற்பார். யார் தடுப்பது? தவறு அவர்மேல் இல்லையே. பக்கத்தில் தனேஷ் யானைக் கதை கேட்டுக்கொண்டு நிற்பான்.

"காலையில பாக்கல" என்றாள் தாமரை. "உண்மைதான். பாக்காமத்தான் குடுத்தேன்."

அண்ணன்மேல் கோபம் வந்தது. தன்னை இப்படி நிற்க வைத்துவிட்டாரே என்கிற கோபம். கூடவே, அவர் மேலேயே வைத்திருந்த பாசமும் போகாமல் அங்கேயே நின்றது. என்ன செய்வதென்று தெரியாமல் கைக்கு வேலை கொடுத்தாள். டின்னிலிருந்து குண்டுகளையும் துணி வில்லைகளையும் எடுத்து மண்ணெண்ணெயில் அலசினாள். கிரீஸும் கரியும் போனது. வெள்ளைத் துணியாக இருக்கும் என்று நினைத்தாள். இரண்டும் நீலக் கட்டம் போட்ட துணி. மேசைமேல் காயப் போட்டாள்.

அவளுக்கு அது வெறும் துணி. தனேஷுக்கும் அப்படித்தான். ஆளாளுக்குக் கிடைத்த துணியை வெட்டிக் கொண்டு வருவார்கள், அதை யார் பார்த்துவைக்கிறார்கள்?

திருச்செல்வம் பார்த்தார். கிட்டே வந்தார். ஒரு வில்லையை விரல் நுனியால் எடுத்து விரித்தார். பிறகு இன்னொன்றையும் விரித்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கட்டம் கட்டமாகத் தடவினார். சட்டைப் பையிலிருந்து தன் துணிப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். அதிலும் அதே நீலக் கட்டம்.

"இது என் கைலி" என்றார்.

தனேஷ் குனிந்து பார்த்தான்.

"நேத்து காலை வரைக்கும் கட்டியிருந்தேன். கொடியில காயப்போடும்போது கிழிஞ்சிருச்சுன்னு இராஜம்மா ராத்திரிதான் வெட்டிக் குடுத்தா. போன வாரம் இது என் இடுப்புல இருந்துச்சு." அவர் தாமரையைப் பார்த்தார். பழைய குரல் திரும்பியிருந்தது. "ரெண்டும் இன்னைக்குப் போட்டதுதான் தாமரை. நான்தான் போட்டேன். உன்மேல தப்பில்ல."

அந்தத் துணியைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு அவர் பேசாமல் இருந்திருக்கலாம். உலகத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. பேசாமல் இருந்திருக்கக் கூடாதா என்றுகூட அந்த நிமிஷத்தில் தாமரைக்குத் தோன்றியது. வேலை போனால் போகட்டும், இந்த முகத்தைப் பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது. அவள் அழுதாள். கிரீஸ் கையால் கண்ணைத் துடைக்க முடியாமல், தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அங்கிள், நான்தான் நடுவுல பேச்சுக் குடுத்தேன்" என்றான் தனேஷ். "என்னாலதான் ஆச்சு."

"பேச்சுக் குடுத்தா மருந்தை மறப்பாங்க தம்பி. குண்டு போட்டதையே மறக்க மாட்டாங்க." திருச்செல்வம் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "எந்த ஸ்டேஷன்ல இறங்கணும்னு தெரியாமத்தான் இன்னைக்கு உக்காந்திருந்தேன். ஜன்னல் வழியா போர்டைப் படிக்கிறேன், கிள்ளான்னு இருக்கு. கிள்ளான்ல எனக்கு என்ன வேலைன்னு யோசிச்சுக்கிட்டே இருக்கேன், கதவு மூடிக்கிச்சு."

பிறகு அவர் தகரக் கொட்டகைக்கு நடந்து போனார். மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் காத்துக்கொண்டிருந்தவர்களிடம் அவரே சொன்னார். மருந்தோடு ரெண்டு குண்டு போட்டுட்டேன், இனிமே நான் சுட வர்றதில்ல, லைசென்ஸைத் திருப்பிக் குடுத்துடறேன் என்று ஒரே மூச்சில் சொன்னார். ஒருவர் ஏதோ சமாதானம் சொல்ல வந்தார். இவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். அன்றைக்கு யாரும் மாமாக் கடைக்குப் போகவில்லை. தனேஷ் கிரீஸ் வழிந்த குழலைத் தானே வெந்நீர் ஊற்றிக் கழுவித் துடைத்தான். தாமரை எல்லாத் துப்பாக்கியிலும் ராடு விட்டுப் பார்த்து வாங்கிக் கிடங்கைப் பூட்டினாள். அவருடையதை இரண்டு தரம் பார்த்தாள்.

அவரைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். மேரு சந்திப்பில் லோரி ஒன்று வழி விடாமல் நின்றது. வழக்கமாகத் தாமரை ஹோனை அடித்து ஊரைக் கூட்டியிருப்பாள், இன்றைக்கு அது நகரும்வரை காத்திருந்தாள். கிள்ளான் ஆற்றுப் பாலம் ஏறும்போது அவர்தான் வாயைத் திறந்தார்.

"இராஜம்மாகிட்ட நீயே சொல்லிடு."

"நீங்க சொல்லுங்கண்ணே. நீங்க சொன்னாத்தான் முறை. நான் சொன்னா, என்னை நம்பித்தானே அனுப்புனேன்னு கேப்பாங்க. நான் என்ன பதில் சொல்வேன்?"

"சொல்லலாம்தான்." அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "வீடு போய்ச் சேர்றதுக்குள்ள மறந்துட்டேன்னா? அடுத்த ஞாயித்துக்கிழமை குளிச்சிட்டுக் கிளம்பி வந்து உன் முன்னால நிப்பேன். நீ என்னை உள்ள விட மாட்டேன்னு சொல்லணும். நான் ஏன்னு கேப்பேன். வாரா வாரம் நீ எனக்குச் சொல்லணும்."

தாமரை ஸ்டேஷன் பக்கம் திரும்பவில்லை. பெடரல் ஹைவேயில் ஏறி, பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் அவர் வீட்டுக்கே வண்டியை விட்டாள்.